ரினியூவல் என்றால்

பத்தாவது வரை மட்டுமே படித்தவள் நான். பத்திரிகைக்கு எழுதலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டில்லியில் நான் சமைக்கும் வீட்டு மேடம் அமெரிக்காக்காரர், சரித்திரம் எழுதுகிறவர். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது; எங்கும் இடிந்த வீடுகளின் படங்கள். ஒருநாள் ஒன்றை நகர்த்தினேன். பாதி இடிந்த வீட்டின் முன்னால் ஒரு கறுப்பினப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இது யாரென்று இந்தியில் கேட்டேன்: "யே கோன் ஹை, மேடம்?"

அவருடைய இந்தியும் என்னுடையதைப் போலவே நொண்டும். அது அவள் இருந்த வீடாம். அமெரிக்காவில் பெரிய யுத்தத்துக்குப் பிறகு, ஏழைகளுக்கு சர்க்காரே வீடு கட்டட்டும் என்றது ஒரு கூட்டமாம். முதலாளிகளிடம் விட்டுவிடலாம் என்றது இன்னொன்று. ஓயாத சண்டை. ஆனால் இருந்த வீடுகளை இடிப்பதில் மட்டும் இரு கூட்டத்தாரும் ஒத்துப்போனார்களாம். அதற்குப் பெயர் அர்பன் ரினியூவல், நகரத்தைப் புதுப்பிக்கிறதாம்.

எனக்குத் தெரிந்த சொல்தான். பஸ் பாஸை ரினியூவல் செய்தால் அது நம்மிடமே இருக்கும். "ரினியூவல் ஹோ கயா? பஹுத் அச்சா!" ஆகிவிட்டதா, ரொம்ப நல்லது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அங்கிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு என்றார்.

விழுப்புரம் பக்கம் நாங்கள் இருந்தது பண்ணைக்காரர் இடம். போ என்றால் போகவேண்டும். இங்கே டில்லியில் சாக்கடைக் கால்வாய் ஓரம் என் கணவர் எழுப்பிய சுவர்தான் எங்களுக்கென்று முதல் சுவர். இதை விட்டு நகரத்துக்கு வெளியே போகவேண்டி வந்தால் என் வேலையும் போகும், மகளின் மந்திர் மார்க் சாலைத் தமிழ்ப் பள்ளியும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் கூட்டம். சந்துத் தலைவர் ஏழுமலை அண்ணனுக்குப் பூரிப்பு.

"அடிச்சிக்கிட்டு கெடந்த ரெண்டு கட்சிக்காரனும் ஒண்ணா நிக்கிறான் பாருங்க! காலனி ரினியூவலாம். கொஞ்ச நாள் வெளிய இருந்துட்டு வந்தா ஃபிளாட்டு, லிஃப்டு!"

"லிஃப்டுக்குக் கரண்ட் பில்லு உங்க மாமனாரா கட்டுவாரு?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி. எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் வாய் திறந்தே அறியாத நான் எழுந்தேன். "வேணாண்ணே. அப்பிடிப் போனவங்க திரும்பி வரலியாம்."

"எங்கம்மா?"

"அமெரிக்காவுல."

செல்விகூடச் சிரித்துவிட்டாள். "அமெரிக்காவுக்கு எப்பக்கா போயிட்டு வந்த?"

"ரினியூவல்னா நம்மளுது நமக்கே வர்றதும்மா. பஸ் பாஸ் எடுத்ததில்ல நீ?" என்றார் அண்ணன். சம்மதம் என்று கைகள் உயர்ந்தன. நான் உயர்த்தவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

சாமான்களை ஊருக்கு அனுப்பிவைக்கட்டுமா என்று தம்பிக்குப் போன் செய்தேன். "ஒன் வூடு டில்லியிலதானக்கா இருக்கு, இங்க எதுக்கு?" என்றான். போனைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து நின்றேன்.

மறுநாள், காலியாகப்போகிற இடம்தானே என்று, தினமும் வரும் தண்ணீர் லாரி எங்கள் குடியிருப்புக்கு வரவில்லை.