அப்பா கொட்டிய மண்

கிள்ளானில், கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. எத்தனை மழை பெய்தாலும் தண்ணீரெல்லாம் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்கு ஒன்பது வயதானபோது, பெரிய வீடுகள் கட்டுவதற்காக அதில் மண் கொட்டி மேடாக்கினார்கள். மண் அடித்த லோரிகளில் ஒன்று அப்பா ஓட்டியது. முதல் நடைக்கு அம்மா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டார். அந்த வேலையில்தான் எங்கள் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது. நானோ பள்ளியில் அந்த மேடே அப்பாவுடையது என்பதுபோல் அளந்துவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, தீபாவளி நெருக்கத்தில், ஒரு வாரத்து மழை ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்த்தது. அப்படியொரு மழையை அப்பாவே பார்த்ததில்லை. தண்ணீர் பின்வாசல் வழியாகத்தான் வந்தது. ஆர்டருக்காக அம்மா சுட்டு வைத்திருந்த முறுக்கு டின்கள் முன்வாசல் வழியே மிதந்து போயின. பிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. கத்தக்கூட மறந்து நின்ற என்னை அப்பா தூக்கி லோரியில் போட்டார். அலமாரி மேலிருந்த இரண்டு டின்களை மட்டும் அம்மா விடவில்லை.

லோரி போய் நின்ற இடம் அந்த மேடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாலையில் ஒரு குட்டைகூட இல்லை. வாசல்களில் தீபாவளி விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக் கூரை அங்கிருந்தே தெரிந்தது, கூரை மட்டும்.

முறுக்கு சொல்லியிருந்த ஆன்டியின் வீடும் அங்கேதான். இடுப்புவரை சேறோடு அம்மா டின்களை நீட்டினார். ஆன்டி பதறிப்போனார். நல்லவர்தான், துண்டு கொண்டுவந்து என் தலையைத் துவட்டிவிட்டார்.

"இங்கயும் நல்ல மழைதான் லா. ஆனா ஒரு சொட்டு உள்ள வரல. ஏன்க்கா இன்னும் அங்கயே இருக்கீங்க? வேற எடம் பாத்துப் போயிரலாம்ல?"

அம்மா சிரித்துவைத்தார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாங்கள் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று காட்டியாக வேண்டும்.

"ஆன்டி, இந்த மண்ணெல்லாம் எங்கப்பா கொண்டாந்து கொட்டுனதுதான். அதான் உங்க வீட்டுக்குத் தண்ணி வரல."

அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. வலித்தது. பெருமையில்தான் பிடிக்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.