சர்க்கரைக்காரர்களின் வியாழக்கிழமை

மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் முடிந்திருந்தபோது எனக்கு சர்க்கரை வியாதி என்று சொன்னார்கள். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். சாமிக்கு நிவேதனம் ஆகும்முன் சமைப்பவன் நாக்கில் ஒரு பருக்கை படக்கூடாது. அப்படியிருக்க இது எப்படி வந்தது என்று வீட்டில் ஆச்சரியப்பட்டார்கள். நிவேதனம் ஆன பிறகு நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண் மருத்துவர், வியாழக்கிழமைதோறும் எங்களைப் பெஞ்சுகளில் உட்காரவைத்து வகுப்பு எடுப்பார். வகுப்பு முடிந்த பிறகுதான் மாத்திரை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு நாற்பத்தைந்து வயதில் மறுபடியும் பெஞ்சு. சுவரில் ஒரு படம் தொங்கும். அதில் ஆப்பிள், முட்டைக்கோஸ், ஏதோ ஒரு மீன். எல்லாரும் தலையாட்டிவிட்டு மாத்திரையோடு எழுந்து போவோம்.

ஒரு வியாழக்கிழமை திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடும் ஒரு அம்மாள் மட்டும் தலையாட்டவில்லை. படத்தில் இருப்பது எதுவும் தன் வீட்டில் இல்லை என்றார். மருத்துவர் கோபிப்பார் என்று நினைத்தோம். அவர் படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன் என்றார்.

அடுத்த வாரம் நீ பேசு, நீ பேசு என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்த அம்மாளே ஆரம்பித்தார்.

"போன வருசம் கிருத்திகைக்கு விரதம் இருந்துகினு மாத்திரையும் போட்டுகினேன், டாக்டரம்மா. பாதி படி ஏறல, கை காலு வெடவெடன்னு ஆடுது, வேர்த்து ஊத்துது. சாமி வந்துச்சுன்னு எல்லாரும் விபூதி பூசறாங்க. எனுக்கு சாமி வரல. சக்கர எறங்கிப் போச்சு."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. பேரனின் மிட்டாயைப் பிடுங்கித் தின்ற பிறகுதான் நிதானம் வந்தது என்றார். சிரித்து முடித்த மருத்துவர், அது ஏன் அப்படி ஆனது என்று பொறுமையாக விளக்கினார். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும், உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்பது அன்றுதான் என் மண்டையில் ஏறியது.

அந்த ஆடிக் கிருத்திகைக்குக் காலை வேலை முடிந்து, சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு படி இறங்கிக்கொண்டிருந்தேன். நடுவழியில் பூக்காவடியை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் அரோகரா போட்டார்கள். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. தெலுங்கில் புலம்பிக்கொண்டிருந்த அவர் மனைவியிடம், சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று தெலுங்கிலேயே கேட்டேன். விடியற்காலை போட்டாராம். முந்தின நாளிலிருந்து பட்டினியாம். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி ஆட்கள், தமிழும் புரியும்.

தொன்னையை நீட்டினேன். தரிசனம் முடியாமல் வாயில் எதுவும் போடமாட்டேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நைனா, இது சாமி சாப்ட்டுட்டு உனுக்கு அனுப்பினது. நான்தான் ஆக்கினேன். இத்த வேணாம்னா விரதம் எப்படி நெலைக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயைத் திறந்தார். மனைவி ஊட்டினார். சிறிது நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அடிவாரத்து மருத்துவ முகாமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம். அங்கே பார்த்து, சாப்பிடவைத்து, ஓய்வெடுக்கச் சொன்னார்கள். சாயந்திரம் காவடியோடு பஸ்ஸில் மலையேறினார்.

வியாழக்கிழமை இதைச் சொன்னேன். மருத்துவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். தான் படித்த புத்தகங்களில் மாத்திரை இருக்கிறது, கிருத்திகை இல்லை என்றார். அதன்பின் ஒவ்வொரு கிருத்திகைக்கும் முந்தின வாரம் விரத வகுப்புதான். விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே வந்து கேட்க வேண்டும், தாங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று அவர் சொல்வார். அதற்கு முன்னால் கரும்புக்கார அம்மாள் தன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

என்னையும் விடவில்லை. ஒரு வாரம் பாத்திரத்தில் சோறு வரவழைத்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று கரண்டியால் தட்டில் வைத்துக் காட்டச் சொன்னார் மருத்துவர். நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பரிமாறிய கை. "கொஞ்சம்" என்று நான் வைத்தது நாலு பேர் சாப்பிடக் காணும். அந்த அம்மாள் எழுந்துவந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, முக்கால்வாசியைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினார். தட்டில் மிஞ்சியதை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"ஆங், இவ்ளோதான். மிச்சத்துக்குக் கீரை வையி, சாமி."

மருத்துவர் பின் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.