ஜெயம்மா பந்தி

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டும் ஜெயம்மாள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் விருந்து வைத்தாள், புது வீட்டுக்குக் குடிபோன அன்று. ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் கூப்பிடும் முன்பே போய்ப் பரிமாற நிற்பவள். அதனால் தன் வீட்டுக்கும் ஊர் வரும் என்று நம்பினாள். நல்லவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கு பெரும்பாலும் தப்பும். அன்றைக்கே கரும்புத் தோட்டக்காரர் பேரனுக்குக் காது குத்திக் கிடா வெட்டினார். ஊர் அங்கே போயிற்று. ஜெயம்மாள் போட்ட இலைகள் வெயில் சாயும்வரை பந்தலில் காய்ந்தன. கறிச்சோறு தின்ற கையோடு அந்த வழியாக வந்த அவள் அண்ணன் வேடியப்பன் எட்டிப் பார்த்தான்; கூட வந்தவர்களிடம், "ஜெயம்மா பந்தி எப்பிடிக் கீது பாரு" என்றான்.

ஒட்டிக்கொண்டது. ஆள் சேராத கட்சிக் கூட்டம், காலி நாற்காலிகளோடு நடந்த கல்யாண வரவேற்பு, எல்லாம் ஜெயம்மா பந்தி ஆயின. ஜெயம்மாள் பொறுத்துக்கொண்டாள். சொல்கிறவர்களோடு இதுவும் சாகும், அவர்களில் பாதிப் பேருக்கு இப்போதே சர்க்கரை வியாதி என்பது அவளுக்கு ஆறுதல்.

அந்த ஆறுதலைப் பக்கத்து வீட்டுச் செவ்வந்தி கெடுத்தாள். அவள் மகள் கள்ளக்குறிச்சியில் நாராயணசாமி என்ற ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியரிடம் தட்டச்சு செய்கிறவள். அவர் மாவட்டத்துப் பேச்சு வழக்குக்கு அகராதி தொகுக்கிறார்.

"யக்கா, உன் பந்தி புக்குல ஏறப் போவுது. சேக்கலாமா வேணாமான்னு சார் ரோசன பண்ணிக்கினு இருக்காராம்."

மறுநாள் ஜெயம்மாள் வெட்டுக்குப் போகாமல் டவுன் பஸ் ஏறினாள்.

நாராயணசாமி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "ரெண்டு சொல்லு சேந்து வந்தா எல்லாத்தையும் போட முடியாதும்மா. மாட்டுவண்டின்னா மாடு, வண்டி. பிரிச்சாலே புரியுது, தனியா எதுக்கு? உங்களத் தெரிஞ்சவங்க மட்டும் சொல்றாங்கன்னா ஜெயம்மா பந்தி வெறும் ஊர்வம்பு. தெரியாதவங்களும் சொல்றாங்கன்னா, அது சொல்லு."

"பேர எடுத்துட்டுப் போட்டுக்குங்க சார்."

"பேர் இல்லாட்டி வெறும் பந்தி. அது ஏற்கெனவே இருக்குது."

தன்னைப் பற்றிய பேச்சு வெறும் வம்பாக இருந்துவிட வேண்டும் என்று ஜெயம்மாள் அன்றுதான் முதன்முதலாகச் சாமியை வேண்டினாள். "என்னத் தெரியாதவன் எவன் சார் சொல்லப் போறான்?" என்றாள்.

"கேட்டுடலாம்" என்று எழுந்தார். நேர்மையானவர். அவள் கண்ணெதிரிலேயே கேட்பதுதான் நியாயம் என்று நினைத்தார்.

எதிரே கலீலுல்லாவின் கடை. நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர்.

"பாய், போட்ட சேர்ல ஆளே வந்து குந்தலன்னா என்ன சொல்லுவீங்க?"

"நேத்துகூட வெள்ளிமலையில ஒரு ரிசப்ஷன் சார். மலை ஏத்தி முந்நூறு சேர் எறக்குனோம். ஈ ஓட்டிக்கினு கெடந்துச்சு. சுத்தமா ஜெயம்மா பந்தி."

"யாரு பாய் அந்த ஜெயம்மா?"

கலீலுல்லாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அப்பிடி ஒரு ஆளு இருக்குதா இன்னா? சும்மா சொல்றது சார்." பிறகு வியாபார மரியாதையோடு ஜெயம்மாளிடம் திரும்பினார். "உங்களுக்கு இன்னாம்மா, சேர் வேணுமா? எத்தினி பேர் வருவாங்க?"

பேராசிரியர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். உதடு கேட்கவில்லை. திரும்பி வரும்போது, "சொல்லு ஆனப்புறம் அதுல நீங்க இல்லம்மா. உங்களை யாருக்கும் காட்டிக் குடுக்க மாட்டேன்" என்றார்.

காட்டிக் கொடுக்கவும் இல்லை. வெளியீட்டு விழாவுக்கு அழைப்பு மட்டும் அனுப்பினார். தன் பேரை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஜெயம்மாள் போனாள். மதியச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததால் மண்டபத்தில் நெரிசல். பேச வந்தவர் புத்தகத்தைப் புரட்டி, ருசியான பக்கமாகத் தேடி, "ஜெயம்மா பந்தி" என்று படித்தார். பொருளைப் படிப்பதற்குள் மண்டபம் சிரித்துவிட்டது. சிரிக்காவிட்டால் திரும்பிப் பார்ப்பார்களே என்று ஜெயம்மாளும் சிரித்தாள், கொஞ்சம் பலமாகவே.

சாப்பாட்டில், பக்கத்து இலைக்காரிக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னா பேருடா சாமி... உங்க பேர் இன்னாங்க?"

இலையில் சோறு விழும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செவ்வந்தி" என்றாள் ஜெயம்மாள்.