இரண்டாவது கொப்பு

காய்ந்த இரத்தத்தைச் சுடுதண்ணீரால் கழுவக் கூடாது, பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பதை நான் அண்ணையின் மனைவியான மச்சாளிடமிருந்து தெரிந்துகொண்டேன். சூடு பட்டால் அது இன்னும் இறுகிவிடுமாம். அதைச் சொன்னபோது அவள் அண்ணையின் காருக்குள் முன் ஆசனத்தில் முழங்காலில் நின்றிருந்தாள். கூரைத் திறப்பைச் சுற்றி மழைத் தண்ணீர் வடிய இருந்த கானுக்குள் விரலை விட்டு, மான் மயிரும் சருகும் ஒட்டிய கறுப்புக் கட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்குடியிருப்பில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்து, அங்கே மரம் தறித்து ஏற்றும் கொந்தராத்துச் செய்துகொண்டிருந்த அண்ணையின் வீட்டில் தங்கியிருந்தேன். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கிய பழைய கார். கூரையின் நடுவில் ஒரு தகட்டு மூடி இருந்தது. கைபிடியைத் திருப்பித் தள்ளினால் இரண்டு தண்டவாளங்களில் வழுக்கிப் பின்னால் போகும். வெள்ளைக்காரர் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்ததை அண்ணை வேட்டைக்குத் திறந்தார். மச்சாளுக்குக் கார் ஓட்டப் பழக்கியதும் அதற்காகத்தான். அவள் ஓட்ட, அவர் பக்கத்து ஆசனத்தில் ஏறி, இடுப்புக்கு மேலே கூரைக்கு வெளியே துவக்கோடு நிற்பார். சொல்ல வேண்டியதைச் சப்பாத்துக் காலால் சொல்லுவார். தோளில் ஓர் உதை என்றால் மெல்லப் போ. இரண்டு என்றால் நில்.

சுட்டதைக் கூரையில் கட்டிக்கொண்டு வருவார்கள். இரத்தம் கானில் வடிந்து, நான்கு மூலைகளிலிருந்தும் கீழே இறங்கும் றப்பர் குழாய்களில் உறைந்துவிடும். குழாய் அடைத்தால் மழைத் தண்ணீர் காருக்குள் ஒழுகும். மச்சாள் பழைய சைக்கிள் பிறேக் கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெதுவாகச் செலுத்தி இழுப்பாள். தண்டவாளங்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கிறீஸ் பூசுவாள். அப்படிப் பார்த்தும், ஒரு மாரியில் கலியாண வீடொன்றுக்குப் போகும் வழியில் அண்ணையின் பட்டு வேட்டியில் ஒரு துளி விழுந்துவிட்டது. காரை நிற்பாட்டச் சொன்னார். தலைமயிரில் பிடித்து அவளை வெளியே இழுத்து, முகத்தைக் கதவில் மோதினார். குறுக்கே போன எனக்கும் கன்னத்தில் விழுந்தது.

"ஒரு கூரையைப் பாக்கத் தெரியாதவளுக்குக் கார் என்னத்துக்கு?"

மச்சாள் மூக்கிலிருந்து வடிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறி எங்களை ஓட்டிக்கொண்டு போனாள். கலியாண வீட்டில், வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

அடுத்த கோடையில் ஒருநாள், பொழுது சாய்கிற நேரம், விசுவமடுப் பக்கத்துக் காட்டுக்குள் போன கார் ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தது. படலையைத் திறந்தது நான்தான். அண்ணை நிற்கவில்லை. கூரைத் தகட்டின்மேல் பின்பக்கமாக மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் உள்ளே தொங்கின. கழுத்து, திரும்பக் கூடாத ஒரு பக்கம் திரும்பியிருந்தது. நெற்றி பிளந்து, இரத்தம் பின் கண்ணாடியில் வழிந்திருந்தது. நான் கத்திக் குழறினேன். மச்சாள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆக்களைக் கூப்பிடு. என்னாலை தனிய இறக்க ஏலாது" என்றாள்.

மறுநாள் காலையில் மரண விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். கூடத்தில் அண்ணையைக் கிடத்தியிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா தலைமாட்டில் இருந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தா. மச்சாள் நின்றபடியே பதில் சொன்னாள்.

"காட்டுப் பண்டியொண்டு வெடி பட்டுக்கொண்டு ஓடினது. துரத்தச் சொன்னவர். வழிக்கு மேலை ஒரு மரக்கொப்பு தாழச் சாஞ்சு கிடந்தது. 'குனியுங்கோ' எண்டு கத்தினனான். குனிஞ்சவர். என்ரை சத்தத்திலை பண்டி பத்தைக்குள்ளை போயிட்டுது எண்டு கழுத்திலை உதைச்சவர்."

"பிறகு?"

"பண்டி திரும்ப வெளியிலை வந்துது. அவர் ஒரு பக்கமாய்த் திரும்பிக் குறி பாத்துக்கொண்டு நிண்டவர். ரெண்டாவது கொப்பு வந்துது. நான் கத்தேல்லை."

"ஏனம்மா கத்தேல்லை?"

"கத்தினால் உதைப்பார் ஐயா."

அம்மாவின் ஒப்பாரி நின்றுவிட்டது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இவரின்ரை தங்கச்சியெல்லோ? இவா சொல்லுறது உண்மையோ?"

சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவர் அந்தக் கூடத்தில்தான் கிடந்தார். எனக்கு அழுகையாக வந்தது. எழும்பிப் போய், மச்சாளின் கழுத்தை மூடியிருந்த சேலைத் தலைப்பை விலத்தினேன். சப்பாத்துக் குதியின் அரைவட்டம் கறுத்துப் போய் இருந்தது.

"ஓம் ஐயா, உண்மை" என்றேன்.

அவர் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் காரை விற்கும்படி எல்லோரும் சொன்னார்கள். அண்ணை விழுந்த பாரத்தில் மூடித் தகடு நெளிந்து, பாதி வழியில் இறுகி நின்றது. மச்சாள் அதைக் கழற்றி ஒரு மரக் குற்றியில் வைத்துக் கொட்டனால் தட்டி நிமிர்த்தினாள். ஒவ்வோர் அடிக்கும் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. சைக்கிள் ரியூப்பை நீட்டு நீட்டாக வெட்டி விளிம்பில் ஒட்டினாள். குழாய்களுக்கு நான் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். பின் சில்லுக்குப் பக்கத்தில் அது மண்ணிறமாக வெளியே வந்தது. அது பண்டியினதும் மானினதும் இரத்தம் மட்டுமல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றச் சொன்னாள். பிறகு மூடியைப் பூட்டி உள்ளே போய் இருந்துகொண்டு, கூரையில் வாளி வாளியாக ஊற்றச் சொன்னாள். ஒரு துளியும் ஒழுகவில்லை.

அந்தக் காரை அவள் வெகுகாலம் ஓட்டினாள். மல்லாவிச் சந்தைக்கும் போவாள். பிள்ளை பெறப் போகிற பெண்களை ஆசுப்பத்திரிக்கும் ஏற்றிப் போவாள். இப்போது அவளும் இல்லை. அந்த இரண்டாவது கொப்பைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டா, அதுவும் என்னிடம். கூரையைத் திருத்திய அன்று பின்னேரம், குசினி வாசலில் நின்று, முற்றத்தில் மச்சாள் கை கழுவுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டா.

"பிள்ளை, அவள் வேணுமெண்டுதான் வாயை மூடிக்கொண்டிருந்தவளோ?"

"எனக்குத் தெரியாதம்மா" என்றேன். "அண்ணை வேணுமெண்டுதான் உதைச்சவர்."