மச்சானுக்காக உட்கார்ந்து பார்த்த வண்டிகள்

மச்சான் கோப்பிக் கடையின் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் சடக்கைக் கடந்து எதிரே இருந்த மோட்டார்ப் பட்டறைக்குப் போக வேண்டும். ஈப்போவில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எனக்குக் கால் நகரவில்லை.

"போ மாப்ளே. தவுக்கே உன்னைக் கடிச்சிடமாட்டான்லா."

"நீங்களும் வாங்க மச்சான்."

"நான் வந்தா காரியம் கெட்டுடும். எத்தனை தடவை சொல்றது?"

அவர் என் அக்காவைக் கட்டியவர். எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் மோட்டாரை ஓட்டியவர். நல்ல உயரம், நான் அவருடைய தோளுக்குத்தான் வருவேன். துரை கழித்துப்போட்ட கனத்த தோல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது, லயத்துச் சனங்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மழைநாளில் துரையின் வண்டி பால் மரங்களுக்கு நடுவே சேற்றில் புதைந்துவிட்டது. துரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மச்சான் பின்பக்கம் தோளைக் கொடுத்துத் தூக்கினார். வண்டி மேலே வந்தது. அவருடைய இடுப்பில் ஏதோ விட்டுப்போனது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பலகைக் கட்டிலில் மாதக்கணக்கில் கிடந்தார். எழுந்து நடந்தபோது துரைக்கு வேறு டிரைவர் வந்திருந்தான். தோட்டத்தை விட்டு வெளியேறி, சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு பலகை வீட்டில் அவரும் அக்காவும் குடியிருந்தார்கள்; நானும் அவர்களோடு இருந்தேன். அக்கா விடியற்காலையில் புல்வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். மச்சானுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கி, கோப்பெங்குக்கும் ஈப்போவுக்கும் வாடகைக்கு ஓட்டினால் மறுபடி மனிதராக நடமாடலாம் என்று நினைத்தார். அதற்கு அவருடைய முதுகு தாங்கக்கூடிய வண்டி வேண்டும். அக்காவின் நகையும் நான் புகைக்கொட்டகையில் வேலை பார்த்துச் சேர்த்ததும் அதற்கென்று ஒதுக்கி வைத்தாயிற்று.

ஆனால் அவர் வண்டிகளில் ஏறி இறங்கிப் பார்க்க மாட்டேன் என்றார். பட்டறை வாசலில் எப்போதும் நாலைந்து டிரைவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை அவர்கள் பார்த்துவிட்டால் சேதி வாடகை வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்விடும்.

"நொண்டி ஓட்டுற வண்டின்னு பேராயிடும். அப்புறம் எவன் ஏறுவான்? நீ போய் உக்காந்து பாரு. இஞ்சின் சத்தத்தை நான் இங்கேருந்தே கேட்டுக்கிறேன். இஞ்சின் சரின்னா தொப்பியைக் கழட்டுவேன். சீட்டு மட்டும் உன் பொறுப்பு."

சீட்டை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பிறகு இடுப்புக்குப் பின்னால் மடக்கிய கைமுட்டியை விட்டுப் பார்க்க வேண்டும். முட்டி உள்ளே போனால் முதுகுக்குத் தாங்கல் இல்லை, அந்த வண்டி வேண்டாம். "சீட்டைப் பின்னால தள்ளிக்கலாம்னு தவுக்கே சொன்னா நம்பாதே. சீட்டுக்கு அடியில பெட்ரோல் தொட்டி இருக்கு. ஒரு விரக்கடைகூட நகராது."

நான் சடக்கைக் கடந்தேன்.

பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில், வண்டி பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் என் கைலியையும் வெற்றுக் கைகளையும் பார்த்தார். பட்டறைக்குள் மூன்று வண்டிகள் நின்றன. சீமைக்குத் திரும்பிப் போகிற துரைமார்கள் விற்றுவிட்டுப் போனவை.

என் வாழ்நாளில் அதற்கு முன் நான் மோட்டார் வண்டிக்குள் உட்கார்ந்ததே கிடையாது. தோட்டத்தில் துரையின் வண்டி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பதுதான் எங்களுக்குத் தெரியும். முதல் வண்டியின் மிதிபலகையில் காலை வைக்கப் போனவன் நிறுத்திவிட்டேன். உள்ளே தோல் சீட்டு துடைத்து வைத்த பித்தளைக் குடம்போல் மின்னியது. செருப்பைக் கழற்றித் தரையில் ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினேன். வாசலில் நின்ற டிரைவர்களில் ஒருவன் சிரித்தான்.

"என்னண்ணே, கோயிலுக்குள்ள போறீங்களா?"

எனக்கு முகம் சுட்டது.

முதல் வண்டி சிறியது, மெத்தென்று இருந்தது. உட்கார்ந்ததும் சீட்டுக்குள் புதைந்துபோனேன். இஞ்சினைக் கிளப்ப ஆள் முன்னால் குனிந்து இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது சுற்றில்தான் கிளம்பியது. மச்சானால் தினமும் அப்படிக் குனிய முடியாது. எதிரே பார்த்தேன். அவர் தொப்பி தலையிலேயே இருந்தது. இறங்கிவிட்டேன்.

இரண்டாவது வண்டி உயரமானது. காலால் ஒரு பொத்தானை அழுத்தினால் இஞ்சின் தானே ஓடத் தொடங்கியது. மச்சான் உடனே தொப்பியைக் கழற்றினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் என் வெறுங்கால் விரல்கள்தான் கிளட்ச், பிரேக் மிதிகளைத் தொட்டன. சரியாக மிதிக்க முன்னால் நகர்ந்து வர வேண்டியிருந்தது. அப்படி நகர்ந்து உட்கார்ந்து, இடுப்புக்குப் பின்னால் கைமுட்டியை விட்டேன். போயிற்று. இரண்டு முட்டிகளை விட்டாலும் போயிருக்கும்.

மூன்றாவது வண்டிக்கும் பொத்தான் இருந்தது. மச்சான் மறுபடி தொப்பியைக் கழற்றினார். ஏறி உட்கார்ந்தேன். பாதம் மிதிகளின் மேல் தானாகப் படிந்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முட்டியை விடப் பார்த்தேன், உள்ளே நுழையவில்லை. நம்ப முடியாமல் ஒரு வெற்றிலை நேரம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தவுக்கே நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"வாங்க வந்தியா, தூங்க வந்தியா?" என்று மலாயில் கேட்டார்.

"வாங்க" என்றேன்.

அவ்வளவு உறுதியாக நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

பட்டறை ஆள் ஒருவன் வண்டியைச் சிம்பாங் பூலாய்வரை ஓட்டிவந்து கொடுத்துவிட்டுப் போனான். அக்கா வண்டிக்குச் சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். மச்சான் சப்பாத்துக்கு மெழுகு தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கையால் கதவைப் பிடித்து, மறு கையால் இடுப்பைத் தாங்கி, மூச்சைப் பிடித்து ஏறினார். அங்கே பார்க்க எங்களைத் தவிர யாருமில்லை.

உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால்கள் ஸ்டீரிங் சக்கரத்தைத் தொட்டன. அந்தக் கனத்த சப்பாத்து, கால்களை இன்னும் மேலே தூக்கிவிட்டது. இடுப்பு முன்னால் வளைந்து, முதுகு கூன் விழுந்தவருடையதுபோல் ஆயிற்று. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அந்த மூன்று வண்டிகளையும் நான் என் காலுக்கும் என் முதுகுக்கும் பார்த்திருந்தேன். அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு.

"எப்படியிருக்கு மச்சான்?"

"போகப் போகப் பழகிடும்லா" என்றார்.

பழகவில்லை. முதல் நாள் நாலாவது மைல் கல்லருகே வண்டியை ஓரங்கட்டிவிட்டார். வலது கால் மரத்துப்போய், தொடையைக் கையால் தூக்கித்தான் மிதியிலிருந்து எடுத்தார். மறுநாள் சீட்டின் மேல் கோணிச் சாக்கை மடித்துப் போட்டுப் பார்த்தோம். தலை கூரையில் இடித்தது. ரப்பர் பெட்டிப் பலகை ஒன்றை முதுகுக்கு வைத்தோம். முழங்கால் இன்னும் நெருங்கியது. ஒருநாள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். கொஞ்சம் தேவலை என்றார். வீடு திரும்பியவரை நானும் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். அன்று இரவு அவர் குப்புறப் படுத்தபடி ஒன்றும் சாப்பிடாமல் தூங்கிப்போனார்.

ஒரு தடவை மட்டும் கேட்டார். "மாப்ளே, மத்த ரெண்டு வண்டியும் எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணு கைப்பிடி சுத்தணும். இன்னொண்ணுல முட்டி உள்ள போயிடுச்சு மச்சான்."

"ம்" என்றார். செருப்பைக் கழற்றியதையும் கால் எட்டாததையும் நான் மறைத்துவிட்டேன்.

நான் தவுக்கேயிடம் போய் மாற்றித் தரக் கேட்டேன். அந்தச் சடக்கை இரண்டாம் முறையும் தனியாகத்தான் கடந்தேன். உயரமான வண்டி நான் வந்துபோன மறுநாளே விற்றுப்போய்விட்டதாம். மற்றதைத் தருகிறேன் என்றார். அது கைப்பிடி சுற்றும் வண்டி.

அக்கா மறுபடி புல்வெட்டக் கிளம்பிய ஒரு காலையில், மச்சான் வாசற்படியில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புகைக்கொட்டகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, அந்த வண்டி உனக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு. நீ ஓட்டு."

"என்னால முடியாது மச்சான். சடக்குல நின்னு ஆளைக் கூப்பிடணும். நான் எங்கே கூப்பிடுவேன்?"

"நான் பக்கத்துல உக்காந்து கூப்பிடறேன். எனக்கு இடுப்புதானே போச்சு, வாய் போகலையே."

அப்படித்தான் ஆயிற்று. நான் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுக்க இரண்டு மாதம் பிடித்தது. அவர் இடது பக்கத்து இடத்தில், காலை நீட்டி, முதுகுக்குப் பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். அங்கே ஸ்டீரிங் சக்கரம் இல்லாததால் கால் நீட்ட இடம் இருந்தது. ஈப்போவில் வண்டிகள் நிற்கும் இடத்தில் இறங்கி, "கோப்பெங்! கோப்பெங்!" என்று கூவுவார். சனங்கள் அவருடைய குரலுக்கு வருவார்கள். சப்பாத்தையும் தொப்பியையும் பார்த்து அவர்தான் டிரைவர் என்று நினைப்பார்கள். நான் உள்ளே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். "டிரைவர் அண்ணே, நம்ம வண்டி எப்பக் கிளம்பும்?" என்று யாராவது அவரிடம் கேட்கும்போது, அவர் என்னைக் காட்டி, "அவருகிட்ட கேளுங்க" என்பார். சொல்லும்போது முகம் ஒரு நொடி வேறு பக்கம் திரும்பும்.

அடுத்த வருடம் அதே இடத்துக்குப் பட்டறையில் பார்த்த அந்த உயரமான வண்டி வந்தது. ஒரு மலாய்க்காரர் அதை வாங்கி, எங்களைப் போலவே வாடகைக்கு விட்டிருந்தார். எங்கள் வண்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மச்சானும் பார்த்தார். கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு அந்த மலாய்க்காரரிடம் போனார். ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார்.

மச்சான் அத்தனை டிரைவர்களுக்கும் முன்னால் அந்த வண்டியில் ஏறினார். ஒரு கையால் கதவு, மறு கையால் இடுப்பு. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவன் கைகொடுக்கப் போனான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். சப்பாத்துக் கால்கள் மிதிகளின் மேல் நீண்டு அமர்ந்தன. முதுகு சீட்டில் நேராகச் சாய்ந்தது. அவர் கைமுட்டியை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோவதை நான் பார்த்தேன். பிறகு இரண்டு கைகளையும் ஸ்டீரிங் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

இறங்கி வந்து என் பக்கத்து இடத்தில் ஏறிக்கொண்டார்.

"அது சரியா இருந்திருக்கும் மாப்ளே" என்றார்.

அன்றைக்குத்தான் என்னால் சொல்ல முடிந்தது. "நான் செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தேன் மச்சான். கால் எட்டலை. அதான் வேணாம்னேன்."

அவர் எதிரே பார்த்தபடியே இருந்தார்.

"தெரியும். நீ செருப்பைக் கழட்டினதைத் தூணுக்குப் பின்னாலேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீ நகர்ந்து நகர்ந்து உக்காந்ததும் தெரிஞ்சுது. என் காலும் உன் காலும் ஒண்ணான்னு அப்பவே தோணுச்சு. ரோட்டைத் தாண்டி வந்து ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கலாம். நாலு பேரு பார்ப்பானேன்னு நின்னுட்டேன். இன்னைக்கும் பார்த்தானுங்க. என்ன ஆச்சு?"

பின்சீட்டில் கூடையோடு ஒரு சீனக் கிழவி ஏறி உட்கார்ந்திருந்தாள். இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது. மச்சான் கதவைப் பிடித்து மெல்ல இறங்கி, சடக்கு ஓரம் போய் நின்று கோப்பெங்குக்கு ஆள் கூப்பிடத் தொடங்கினார். நான் செருப்பைக் கழற்றிச் சீட்டு ஓரமாகத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.