தொடாதே என்று சொன்னவன்

இந்தக் கல்கத்தாவில் ஒரு மகள் தன் புடவைத் தலைப்பை அப்பாவின் வேட்டி நுனியோடு முடிந்துகொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். நம் பக்கத்தில் இப்படி முடிச்சுப் போடுவது கல்யாணத்தில்தான். முதல் நாள் பார்த்தபோது நானும் அண்ணாவும் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்தக் கிழவருக்கு எழுந்தால் தலை சுற்றி விழும் வியாதி. அவர் அசைந்தால் முடிச்சு இழுக்கும். கண்ணயர்ந்த மகள் விழித்துக்கொள்வாள். பவானிபூரில் ஒரு வைத்தியர், இங்கே கவிராஜ் என்பார்கள், தம் வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்தும் நோயாளர் விடுதி அது. மொத்தம் ஆறு கட்டில்கள். பணிவிடைக்கு ஆள் உண்டென்றாலும், விழுகிற நோயாளிக்கு வீட்டார் யாராவது காவல் இருக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம்.

என்னை இந்த ஊருக்கு அழைத்துவந்தவர் அண்ணா. ஹௌரா ஸ்டேஷன் கூட்டத்தைக் கண்டு நான் மிரண்டு நின்றபோது என் மணிக்கட்டைப் பிடித்தவர், வீடு சேரும்வரை விடவில்லை. கார்டன் ரீச் ரெயில்வே ஆபீசில் தம் மேஜைக்குப் பக்கத்திலேயே எனக்கும் குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தார். அப்பேர்ப்பட்டவருக்கு நடுக்குவாதம் வந்தது. வேலை போயிற்று. நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த மெஸ் மாடியில் இருந்தது. நாங்கள் நாலு பேரும் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டால் அவரும் படிக்கட்டும்தான். இரண்டு முறை உருண்டு விழுந்தார். ஊருக்கு அனுப்பலாமென்றால் அத்தனை தூரம் ரயிலைத் தாங்கமாட்டார். மன்னியோ படுத்த படுக்கையான தன் தாயாரை விட்டு நகர முடியாமல் இருந்தாள். வேறு வழியில்லாமல்தான் விடுதியில் சேர்த்தேன்.

காலையிலும் சாயங்காலமும் நான் காவல். ஆபீஸ் நேரத்தில் மாஷி. மாஷி என்றால் சித்தி; இங்கே பணிப்பெண்ணையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தண்ணீர்க் குடம் தூக்கித் திரண்ட கைகள் அவளுக்கு. அண்ணா குளிக்கும்போது அவள் பிடித்துக்கொள்ளலாம். கடைசிச் சொம்புத் தண்ணீரைத் தாமே ஊற்றிக்கொண்டு மடி வேட்டி கட்டியபின் கூடாது. உட்கார்ந்தே ஜபிக்கச் சொன்னார் கவிராஜ். அண்ணா கேட்கவில்லை.

"நான் நின்னுண்டு ஜபம் பண்றப்போ அவ என்னைத் தொடப்படாது. கண்டிப்பாச் சொல்லிடு" என்றார்.

என் ஓட்டை வங்காளியில் மூன்று முறை சொன்னேன், விரலை வேறு ஆட்டிக்கொண்டு. "விழப்போனாலுமா, பாபு?" என்று கேட்டாள். அவளுக்குத்தான் புரியவில்லை என்று எண்ணிக்கொண்டு, "தொடாதே" என்றேன் மறுபடியும். நல்ல கேள்வி கேட்டவளை மந்தம் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல!

அன்று காலை ஆபீசுக்குக் கிளம்பும் கோலத்தில் நிலைப்படியருகே நின்றிருந்தேன். ஜபத்தின் நடுவில் அண்ணாவின் முழங்கால் மடிந்தது. மாஷியின் இரண்டு கைகளும் நீண்டன. நீண்ட கைகளை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓரடி பின்வாங்கினேன். நேற்று டிராமில் பத்துப் பேரை உரசிய கோட்டு அவருடைய மடி வேட்டியில் பட்டுவிடுமே என்று கால் தானாக நகர்ந்தது. அதற்குள் அண்ணா தரையில் கிடந்தார். எங்கள் இருவருக்கும் முன்னால் ஓடிவந்து அவர் தலையை மடியில் தாங்கியவள், அப்பாவோடு போட்ட முடிச்சை உதறிவிட்டு வந்த அந்த மகள். மாஷி அழுதுகொண்டே, "தொடாதே என்றீர்களே, பாபு, தொடாதே என்றீர்களே" என்றாள்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடக்கமாட்டார் என்றார் கவிராஜ். ஆனால் அதை மறந்துபோய், ஜப வேளை வந்ததும் அண்ணா கட்டிலை விட்டு எழப் பார்க்கிறார். மன்னிக்கு, கால் வழுக்கி விழுந்தார் என்று மட்டும் எழுதினேன். பதில் வந்தது: 'பகவான் விட்ட வழி. அந்நிய தேசத்திலும் அவருடைய ஆசாரத்துக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்கிறீர்களே, எனக்கு அது போதும்.' அந்தக் கடிதத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

இன்று காலை, தீபாவளிக்கு மன்னி அனுப்பிய என் அங்கவஸ்திரத்தின் ஒரு நுனியை அண்ணாவின் வேட்டியோடு முடிந்தேன். மறு நுனியை என் கையில் சுற்றிக்கொண்டு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கையில் சுற்றியதை அவிழ்த்து மாஷியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அன்றைக்குப் பார்த்த மாதிரியே என் முகத்தைப் பார்த்தாள். நுனியை இன்னும் அருகே நீட்டினேன்.

"தொரோ, மாஷி" என்றார் அண்ணா, கட்டிலிலிருந்து. பிடித்துக்கொள் என்று அர்த்தம்.

தோளில் அங்கவஸ்திரம் இல்லாமல், மன்னியின் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு டிராமுக்கு நடந்தேன். வாசலில் திரும்பும்போது ஒரு முறை பார்த்தேன். துணியை மாஷி தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.