நூற்றைம்பது ரூபாய் ஊசி

14-06-2013: ரூ. 450
09-01-2024: ரூ. 1,800; ஊசிக்கு ரூ. 150
22-07-2024: ரூ. 1,800; ஊசிக்கு ரூ. 150

முதல் வரியும் மூன்றாம் வரியும் முக்கூடல் முத்துராணிக்கு ஆன செலவு. நடுவில் உள்ளது அவளுடைய ஓரகத்தி பொன்செல்விக்கு. மூன்று முறையும் கருப்பை வாயிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள்.

அண்ணனையும் தம்பியையும் கட்டி, ஒரே வளவில் பீடி சுற்றுகிறவர்கள் இருவரும். முதல் தடவை முத்துராணி முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "மூணு பெத்தவதானே, இதத் தாங்க மாட்டியா?" என்றாள் காலைப் பிடித்திருந்த நர்ஸ். தாங்கினாள். அதன்பிறகு வளவில் யார் வலி என்று வாயெடுத்தாலும், முத்துராணி அந்த நாளைச் சொல்லி வாயடைத்துவிடுவாள்.

பொன்செல்விக்கும் அதே சோதனை என்றதும், துணைக்குப் போனது அவள்தான். கதவுக்கு வெளியே, அலறல் எப்போது கேட்கும் என்று உட்கார்ந்திருந்தாள். பொன்செல்வியோ சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வலிக்கவே இல்லக்கா. மருந்தத் தடவுனாவ, பொறவு ஊசி. சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான். வட திம்போமா?"

"ஏட்டி, நீ ஆஸ்பத்திரிக்கு வந்தியா, கோயில் கொடைக்கு வந்தியா?"

பொன்செல்வி வாங்கித் தந்த வடை முக்கூடல் வரும்வரை முத்துராணியின் மடியிலேயே ஆறிப்போனது. அன்று பிடித்த வயிற்றெரிச்சல் அணையவில்லை. பீடி இலையை வெட்டும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கண்முன் வந்து நின்றது.

ஆறு மாதத்துக்குள் முத்துராணிக்கு, முதல் தடவையைப் போலவே, நாள் தப்பி ரத்தம் பட்டது. பாளையங்கோட்டையில் போய்க் காட்டினாள். சதை எடுக்க வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது, போகாததால் இன்னொன்று. இரண்டையும் பீடித் தட்டுக்கு அடியில் செருகினாள். ஊசி போட்டுக்கொண்டால் தானும் பொன்செல்வியும் ஒன்றாகிவிடுவோம், அன்று பட்டதெல்லாம் வீண். போடாமல் இன்னொரு முறை படுக்கவோ தைரியம் இல்லை.

கடிதங்கள் பொன்செல்வியின் கண்ணில் பட்டன. அடுத்த பஸ்ஸிலேயே இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு ஊசி வேண்டாம் கேட்டியா?"

"ரூவா கட்டியாச்சு. போடாட்டியும் நூத்தம்பதத் திருப்பித் தர மாட்டாவ."

பணம் வீணாகலாமா? முத்துராணி உள்ளே போனாள்.

டாக்டர் ரீபா மருந்தைத் தடவினார். "ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் பொறுப்போம். இழுக்கிற மாதிரி தெரியும். வலிச்சாச் சொல்லுங்க, நிறுத்திருவேன்."

சொன்னபடியே மரத்துப்போயிற்று. முத்துராணி கூரையைப் பார்த்தபடி கேட்டாள்: "மொதத் தடவ எனக்கு எடுத்தப்பவும் இந்த ஊசி இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு."

"அப்ப ஏன் போடல?"

"போட்டிருக்கணும்மா."

வலி இல்லாமலே அவள் கண் நிறைந்தது.

வெளியே பொன்செல்வி வடைப் பொட்டலத்தோடு நின்றாள். "வலிச்சுதாக்கா?"

"ஒனக்கு வலிச்சதவிடக் கூடத்தான்" என்று சொல்லி, இருந்ததிலேயே பெரிய வடையை எடுத்துக்கொண்டாள் முத்துராணி.

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: 06-08-2024.